செல்வக்கனி கலந்த வெள்ளை மருந்து

எங்கள் ஆஸ்பத்திரியின் மருந்து கலக்கும் அறையில் இப்போது அந்த மருந்துக்குப் பெயர் 'தூத்'. இந்தியில் பால். போன மாதம் மருத்துவ அட்டையைப் புதுப்பிக்கப் போனபோது கண்ணாடிக்கு வெளியே நின்று கொஞ்ச நேரம் பார்த்தேன். உள்ளே இரண்டு பெண்கள். ஒருத்தி, இன்னும் இரண்டு தூத் பாக்கி என்றாள். மற்றவள் சரி என்று தலையாட்டிவிட்டுக் கையுறையை மாட்டிக்கொண்டாள். முகத்தில் ஒரு பதற்றமும் இல்லை. தேநீருக்கு முன்னால் முடித்துவிடலாம் என்ற கணக்கு மட்டும் இருந்தது. நாங்கள் மூச்சை அடக்கிக்கொண்டு செய்ததை இவர்கள் இட்லி மாவு கரைப்பது போலச் செய்கிறார்கள். நன்றாகவும் செய்கிறார்கள், அதுதான் இன்னும் எரிச்சல்.

வெளியே வந்த நித்யா என்னை அடையாளம் கண்டுகொண்டாள். மும்பையின் பாண்டுப்பில் வளர்ந்த தமிழ்ப் பெண். எங்கள் துறையின் ஆண்டு மலருக்கு, நானோ மருந்து முதன்முதலில் வந்த நாளைப் பற்றி நான் எழுதித் தரவேண்டும் என்றாள். தமிழிலேயே எழுதுங்கள், பாட்டீலும் குப்தாவும் மராத்தியிலும் இந்தியிலும் எழுதுகிறார்கள், நமக்கும் ஒன்று வேண்டும் என்றாள். மகிழ்ச்சியாகத்தான் இருந்தது. அதற்குப் பிறகு அவள் வாயை மூடிக்கொண்டிருக்கலாம்.

"செல்வி மேடம்கிட்டதான் ஃபர்ஸ்ட் கேட்டோம் மேடம். அவங்க, ராஜி அக்காவக் கேளுங்க, அவங்களுக்குத்தான் எல்லாம் அப்படியே ஞாபகம் இருக்கும்னு சொல்லிட்டாங்க. நீங்க எழுதிட்டு ஒரு வாய்ஸ் நோட்டும் அனுப்பிடுங்க. எனக்குத் தமிழ் படிக்க டைம் ஆகும்."

முதலில் செல்வக்கனியைக் கேட்டிருக்கிறார்கள். ஓய்வு பெற்ற பிறகும் வரிசையில் அவள்தான் முன்னால்.

ஆனால் அவள் சொன்னது சரி. எனக்கு எல்லாம் அப்படியே ஞாபகம் இருக்கிறது. ஆகவே எழுதுகிறேன். ஆஸ்பத்திரியின் பெயரைச் சொல்லமாட்டேன். பென்ஷன் அங்கிருந்துதான் வருகிறது.

நான் மாட்டுங்காவில் பிறந்தவள். அப்பா ரயில்வே அலுவலகத்தில் குமாஸ்தா. வீட்டில் எல்லாரும் கணக்கு அல்லது பௌதிகம் படித்தார்கள். எனக்கு மட்டும் மருந்தியல். படித்தேன், தங்கப் பதக்கம் வாங்கவில்லை, வாங்கியவளின் பெயர் இன்னும் நினைவிருக்கிறது. ஆஸ்பத்திரியில் சேர்ந்து சில வருடங்கள் வெளிநோயாளிகளுக்கு மாத்திரை கொடுக்கும் ஜன்னலில் உட்கார்ந்தேன். பிறகு புற்றுநோய் மருந்துகளைக் கலக்கும் அறைக்கு எடுத்துக்கொண்டார்கள். பயிற்சி பற்றிச் சொல்ல அதற்கு மேல் ஒன்றுமில்லை. எல்லாருக்கும் அதே பயிற்சிதான்.

செல்வக்கனி அடுத்த வருடம் சேர்ந்தாள். அதே கல்லூரி, அதே பட்டம், எனக்கு ஒரு வகுப்பு கீழே. மாட்டுங்கா லேபர் கேம்ப்பில் வீடு. பூர்வீகம் நாங்குநேரிப் பக்கம். என்னை முதல் நாளே 'எக்கா' என்றாள். ராஜலக்ஷ்மி என்று முழுப் பெயரும் சொல்லிப் பார்த்தேன். மறுநாளும் எக்கா. நான் அவளைச் செல்வி என்று கூப்பிட ஆரம்பித்தது ஒரு சமாதான உடன்படிக்கை மாதிரிதான்.

அவள் கையைப் பற்றிச் சொல்லவேண்டும். மருந்து கலப்பது என்றால் ஒரு கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால், மேலிருந்து கீழே சுத்தமான காற்று ஓடிக்கொண்டேயிருக்கும் பெட்டிக்குள் இரண்டு கைகளையும் விட்டு வேலை செய்வது. காற்று ஓட்டத்தைக் கை மறிக்கக்கூடாது. குப்பியின் ரப்பர் மூடிக்குள் ஊசி போகும்போது உள்ளே அழுத்தம் ஏறக்கூடாது. ஏறினால் வெளியே எடுக்கும்போது மருந்து தெறிக்கும். அது மேலே தெறிக்கக்கூடாத மருந்து. நான் இதையெல்லாம் சரியாகச் செய்தேன். யாரும் குறை சொன்னதில்லை. அவள் செய்யும்போது பார்த்தால் செய்வது மாதிரியே இருக்காது. குப்பி தானாகக் காலியாகும். ஊசிக்குழல் தானாக நிரம்பும். நான் சரியாகச் செய்வதற்கும் அவள் சரியாகச் செய்வதற்கும் நடுவில் ஒரு வித்தியாசம் இருந்தது. அதற்கு இன்றுவரை எந்தக் கையேட்டிலும் பெயர் கிடையாது.

எங்கள் தலைவர் பாட்கர் சார். மெலிந்த, உயர்ந்த மராத்திக்காரர். குரலை உயர்த்திப் பேசி நான் கேட்டதில்லை. திட்டமாட்டார், பாராட்டவும் மாட்டார். கலந்த மருந்தை வாங்கி முதலில் ஒரு கறுப்பு அட்டைக்கு முன்னால் பிடிப்பார், பிறகு வெள்ளை அட்டைக்கு முன்னால். கறுப்பில் வெள்ளைத் துகள் தெரியும், வெள்ளையில் கறுப்புத் துகள் தெரியும். எதுவும் தெரியாவிட்டால் பேனாவை மூடிச் சட்டைப் பையில் வைப்பார். அதுதான் அவர் கொடுக்கும் பத்மஸ்ரீ. பேனா திறந்தே இருந்தால் மறுபடி செய்யவேண்டும், காரணம் நாமாகத்தான் கண்டுபிடிக்கவேண்டும்.

அவர் வைத்த வழக்கம் ஒன்று உண்டு. எங்கள் அறையில் ஒரு மருந்துக்கு எப்போதும் இரண்டு பேர். ஒருவர் 'ஹாத்', கை. இன்னொருவர் 'ஆங்க்', கண். கை மட்டும்தான் தொடும். கண் தொடக்கூடாது, பின்னால் ஓரமாக நின்று பார்க்கவேண்டும். ஒவ்வொரு படி முடிந்ததும் கண் 'ஆகே' என்று சொல்லவேண்டும். மேலே போ என்று அர்த்தம். சொல்லாவிட்டால் கை நகராது. கண் 'ருகோ' என்றால் கை நிற்கவேண்டும், ஏன் என்று கேட்கக்கூடாது. யார் கை, யார் கண் என்று காலையில் பாட்கர் சார் முடிவு செய்வார். வாயால் சொல்லமாட்டார். மருந்துத் தட்டை யார் மேஜையில் வைக்கிறாரோ அவர் கை.

சாதாரண மருந்துகள் மாறி மாறி வரும். கஷ்டமானவை, நோயாளி நிலை மோசமானவை, புதிதாக வந்தவை, இவை மட்டும் வருடக்கணக்காக என் மேஜைக்குத்தான் வந்தன. அதில் எனக்கு இருந்த பெருமை கொஞ்சநஞ்சம் இல்லை. செல்வியின் கைக்கு எதிராக என்னிடம் இருந்த ஒரே சாட்சி அந்தத் தட்டு.

எங்கள் அறையில் அதிகம் கலந்த மருந்துகளில் ஒன்று பாக்லிடாக்செல். மார்பகப் புற்றுக்கும் சினைப்பைப் புற்றுக்கும் கொடுப்பது. நல்ல மருந்து, ஆனால் தண்ணீரில் கரையாது. கரையாத மருந்தை ரத்தத்தில் எப்படி விடுவது? விளக்கெண்ணெயை மாற்றித் தயாரித்த ஒரு எண்ணெயிலும் ஆல்கஹாலிலும் கரைத்து வைத்தார்கள். மருந்தைவிட அந்த எண்ணெய்க்குத்தான் நாங்கள் பயந்தோம். சிலருக்கு உடம்பு ஒத்துக்கொள்ளாது. அதனால் முன்கூட்டியே ஸ்டீராய்டு, அலர்ஜி மருந்து. மணிக்கணக்கில் மெதுவாக ஏற்றவேண்டும். சாதாரண பிளாஸ்டிக் குழாயை அந்த எண்ணெய் அரிக்கும், அதனால் வேறு ரகக் குழாய். எண்ணெயிலிருந்து துகள் பிரிந்து வரலாம், அதனால் குழாயின் நடுவில் ஒரு வடிகட்டி. மருந்துப் பையோடு அந்த வடிகட்டி வைத்த குழாயையும் நாங்களே தட்டில் வைத்து வார்டுக்கு அனுப்புவோம். நர்ஸ்கள் தேடக்கூடாது என்பதற்காக. பாக்லிடாக்செல் என்று எழுதியிருந்தால் கை தானாக வடிகட்டியை எடுக்கும். தூக்கத்தில் எழுப்பிச் சொன்னாலும் எடுக்கும்.

இசக்கியம்மாள் வந்தது ஒரு மழைக்காலத்தில். செல்வியின் ஊர்ப்பக்கத்துக்காரி. தாராவியில் தோல் பர்ஸ் தைக்கும் ஒரு பட்டறையில் வேலை. நாற்பதைத் தாண்டியிருக்கலாம். மார்பில் கட்டி, அக்குள் வரை பரவியிருந்தது. மருந்து கொடுத்துச் சுருக்கிவிட்டுப் பிறகு அறுக்கலாம் என்று டாக்டர் முடிவு செய்தார். பாக்லிடாக்செல் எழுதினார். தட்டு என் மேஜைக்கு வந்தது. நான் கலந்தேன். கண்ணாக நின்றவர் குப்தா. பாட்கர் சார் இரண்டு அட்டைகளையும் காட்டிப் பார்த்துவிட்டுப் பேனாவை மூடினார். அந்தப் பையில் ஒரு குறையும் கிடையாது. இதை ஏன் இத்தனை அழுத்திச் சொல்கிறேன் என்பது பிறகு புரியும்.

ஏற்ற ஆரம்பித்துச் சில நிமிடங்களில் இசக்கியம்மாளுக்கு முகம் சிவந்தது. நெஞ்சை அடைக்கிறது என்றாள். அதற்கு மேல் பேச முடியவில்லை. ரத்த அழுத்தம் விழுந்தது. நர்ஸ் உடனே மருந்தை நிறுத்திவிட்டாள், டாக்டர் ஓடிவந்தார், ஊசிகள் போட்டார்கள், பிழைத்தாள். எண்ணெயின் வேலை. புத்தகத்தில் இருக்கிறது, எல்லா ஆஸ்பத்திரியிலும் நடக்கிறது. முன்மருந்து எல்லாம் கொடுத்தும் நடக்கிறது. ஆனால் செத்துப் பிழைத்தவளுக்குப் புத்தகத்தைக் காட்ட முடியாது. இரண்டு நாளில் வீட்டுக்குப் போனவள் திரும்பி வரவில்லை.

செல்வி தினமும் வீட்டுக்குப் போகும் வழியில்தான் அந்தப் பட்டறை. கண்ணெதிரே உட்கார்ந்து பர்ஸ் தைத்துக்கொண்டிருக்கிறாள் என்று வந்து சொன்னாள். கட்டி அதுபாட்டுக்கு வளர்ந்துகொண்டிருந்தது. அறுப்பதற்கான காலம் நழுவிக்கொண்டிருந்தது. டாக்டர் இரண்டு முறை ஆள் அனுப்பினார். வரமாட்டேன் என்றுவிட்டாள். அந்த எண்ணெய் மருந்தை இனி என் பக்கத்தில் கொண்டுவராதீர்கள், தைத்துக்கொண்டே செத்துப்போகிறேன், மூச்சுமுட்டிச் சாகமாட்டேன் என்று சொன்னாளாம்.

அந்தச் சமயத்தில்தான் புது மருந்து எங்கள் ஆஸ்பத்திரிக்கு வந்தது. மருந்து அதே பாக்லிடாக்செல்தான். எண்ணெய் கிடையாது. ரத்தத்திலேயே இருக்கும் ஆல்புமின் என்ற புரதத்தோடு மருந்தைச் சேர்த்து மிக நுண்ணிய துகள்களாகச் செய்திருந்தார்கள். ஒரு தலைமுடியின் பருமனுக்குள் இப்படி நூற்றுக்கணக்கான துகள்களை வரிசையாக அடுக்கலாம். நானோ என்றதும் ஏதோ குட்டி இயந்திரம் ரத்தத்தில் நீந்திப் போய்ப் புற்றைச் சுடும் என்று பேப்பரில் படம் போடுவார்கள். அப்படியெல்லாம் இல்லை. புற்றுக்கட்டியின் ரத்தக்குழாய்கள் ஒழுங்கில்லாமல் ஓட்டையும் உடைசலுமாக இருக்கும். பெருகுகிற செல்களுக்குப் புரதத்தின் மேல் ஆசை. புரதத்தோடு போகும் மருந்து அங்கே கொஞ்சம் கூடுதலாகச் சேர்கிறது என்கிறார்கள். முடி கொட்டுவது, விரல் மரத்துப்போவது, ரத்த அணுக்கள் குறைவது எல்லாம் இதிலும் உண்டு. ஆனால் அந்த எண்ணெய் இல்லை. இசக்கியம்மாளுக்கு வேண்டியது அவ்வளவுதான்.

ஒரு அறக்கட்டளை மூலமாக ஒரே ஒரு தடவைக்குப் போதுமான குப்பிகள் வந்தன. ஒன்று வீணானாலும் அடுத்தது எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. பாட்கர் சாரிடம் டாக்டர் நிலைமையைச் சொன்னார். இசக்கியம்மாள் சம்மதித்தால் இதைக் கொடுக்கலாம், சம்மதிக்காவிட்டால் வேறு வழியில்லை.

நான் உற்பத்தியாளரின் குறிப்பை வீட்டுக்குக் கொண்டுபோய் மூன்று முறை படித்தேன். செம்பூர் வீட்டில் என் மருமகள் அந்த வாரம் முழுக்க என்னிடம் பேச்சுக் கொடுத்துப் பார்த்துச் சலித்துவிட்டாள். குறிப்பு மனப்பாடமாகிவிட்டது. தட்டு என் மேஜைக்குத்தான் வரப்போகிறது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

பேசிப் பார்க்கிறேன் என்று செல்வி போனாள். பட்டறையில் அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு சாயங்காலம் முழுக்கப் பேசியிருக்கிறாள். மறுநாள் வந்து டாக்டரிடம், வருகிறாள் என்று மட்டும் சொன்னாள். என்ன பேசினாள் என்று நான் கேட்கவில்லை. கேட்டால் பாராட்டவேண்டி வரும்.

குறித்த நாளில் பாட்கர் சார் தட்டை எடுத்துக்கொண்டு வந்தார். என் மேஜையைத் தாண்டினார். செல்வியின் மேஜையில் வைத்தார். பிறகு என் பக்கம் திரும்பி, வழக்கத்துக்கு மாறாக வாயைத் திறந்து சொன்னார்.

"ராஜிபாய், ஆப் ஆங்க்." நீங்கள் கண்.

அன்று என் வயிற்றில் எரிந்ததற்கு எந்த மருந்தும் எங்கள் அலமாரியில் இல்லை. நோயாளிதான் அப்படிக் கேட்டாள் என்று குப்தா காதோடு சொன்னார். நம்ம செல்வி கலந்தால் ஏற்றிக்கொள்கிறேன் என்றாளாம். அப்படியானால் போன தடவை அவள் நெஞ்சை அடைத்தது என் கையா? நான் கலந்த பையில் குறை இல்லை என்று ஏற்கெனவே சொல்லிவிட்டேன்.

முதுகில் முடிச்சுப் போடும் அங்கி, இரண்டு ஜோடிக் கையுறை, முகமூடி. செல்வி பெட்டிக்குள் கையை விட்டாள். நான் பின்னால் என் இடத்தில் நின்றேன்.

பழைய மருந்துக்கும் இதற்கும் செய்முறையில் ஒற்றுமையே கிடையாது. குப்பிக்குள் வெள்ளையாக ஒரு காய்ந்த வில்லை இருக்கும். அதில் உப்புநீரை விடவேண்டும். வில்லையின் மேல் நேராக விட்டால் நுரைத்துவிடும், புரதமல்லவா. அதனால் குப்பியைச் சாய்த்து, உள்சுவரில் வழிந்து இறங்கும்படி, ஒரு நிமிடத்துக்குக் குறையாமல் மெதுவாக விடவேண்டும். பிறகு குப்பியைத் தொடாமல் வைத்துவிட வேண்டும். வில்லை நன்றாக நனையட்டும். அதன் பிறகு மெல்லச் சுழற்றி, கவிழ்த்து நிமிர்த்தி, கவிழ்த்து நிமிர்த்தி. குலுக்கக்கூடாது. முடிவில் ஒரே சீராகப் பால் மாதிரி வரவேண்டும். அதை அப்படியே காலிப் பைக்குள் ஏற்றவேண்டும்.

பால் மாதிரி என்று எழுதுவது எளிது. எங்கள் தொழிலின் முதல் பாடம் என்ன? கலங்கலாக இருப்பது ரத்தக்குழாய்க்குள் போகக்கூடாது. இத்தனை வருடங்களில் சற்றே மங்கலாகத் தெரிந்த எத்தனையோ பைகளை நாங்கள் தூக்கி எறிந்திருக்கிறோம். பாட்கர் சாரின் இரண்டு அட்டைகளும் இந்த மருந்துக்குப் பயனற்றவை. வெள்ளை அட்டைக்கு முன்னால் வெள்ளை மருந்து, கறுப்பு அட்டைக்கு முன்னாலும் வெள்ளை மருந்து. கண்ணாடிக்கு வெளியே நின்ற அவர் கையில் அட்டைகள் இருந்தன, பழக்கதோஷத்தில் எடுத்து வந்துவிட்டார். பார்ப்பதற்கு என் கண்ணை விட்டால் வேறு கருவி கிடையாது.

முதல் குப்பி. உப்புநீர் சுவரில் வழிந்தது. நான் மனதுக்குள் வினாடிகளை எண்ணினேன். அவசரப்படுவாள் என்று காத்திருந்தேன். அவசரப்படவில்லை. "ஆகே." இரண்டாவது குப்பி, அதே மாதிரி. "ஆகே." மூன்றாவது குப்பியைச் சுழற்றும்போது கழுத்தோரத்தில் நுரை கட்டியது. நான் பார்த்த அதே கணத்தில் அவளும் பார்த்துவிட்டாள். கை அசைவு நின்றது. ஆனால் அவள் பேசக்கூடாது, நான்தான் சொல்லவேண்டும்.

"ருகோ," என்றேன்.

குப்பியை வைத்தாள். நுரையா, சரியாகக் கரையாத கட்டியா என்பதுதான் கேள்வி. நுரை என்றால் காத்திருந்தால் அடங்கிவிடும். கட்டி என்றால் எறியவேண்டும். எறிந்தால் இன்றைய அளவு போதாது, கீழே வார்டில் கையை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பவள் எழுந்து பட்டறைக்குப் போய்விடுவாள், மறுபடி வரமாட்டாள். நான் சந்தேகம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், யாராலும் என்னை மறுத்துப் பேசமுடியாது, கண் சொல்வதுதான் முடிவு. நான் குனிந்து, பெட்டியின் கண்ணாடியில் மூக்கு இடிக்கும் அளவுக்குப் போய், அந்தக் குப்பியை என் வாழ்க்கையில் எந்தக் குழந்தையையும் பார்க்காத அளவுக்குப் பார்த்தேன். குமிழிகள் ஒவ்வொன்றாக உடைந்தன. குறிப்பில் சொன்ன நேரம் முழுவதும் யாரும் அசையவில்லை. அடியில் ஒரு சின்ன இழைகூட இல்லை. சுத்தமான, சீரான வெள்ளை.

"ஆகே."

பை நிறைந்தது. செல்வி அதை அடைத்து, பெயர் ஒட்டி, வெளியே தட்டில் வைத்தாள். பக்கத்து அலமாரிக்குக் கையை நீட்டிக் குழாயை எடுத்துத் தட்டில் வைத்தாள். வடிகட்டி வைத்த குழாய்.

பாக்லிடாக்செல் என்று எழுதியிருந்ததல்லவா. இருபது வருடம் வடிகட்டியை எடுத்த கை, எடுத்துவிட்டது. பழைய மருந்துக்கு அந்த வடிகட்டி இல்லாவிட்டால் தப்பு. இதற்கு இருந்தால் தப்பு. துகள்களே மருந்து, அவற்றை வடிகட்டினால் மிச்சம் உப்புநீர்தான். குழாய் அடைத்துக்கொள்ளும், எவ்வளவு உள்ளே போனது, எவ்வளவு வடிகட்டியில் தங்கியது என்று யாராலும் சொல்லமுடியாது. மருந்து கலந்து பழக்கமில்லாத ஒருத்தி இந்தத் தப்பைச் செய்யமாட்டாள். எங்களால் மட்டும்தான் முடியும்.

பார்த்தேன். ஒரு மூச்சு இழுத்து விடும் நேரம், அந்தக் காட்சியை ருசித்தேன். அதற்காக நான் யாரிடமும் மன்னிப்புக் கேட்கப்போவதில்லை. அத்தனை வருடம் காத்திருந்தவளுக்கு அந்த ஒரு மூச்சுக்குப் பாத்தியதை உண்டு. பிறகு, வெளியே நின்ற பாட்கர் சாருக்கும் கேட்கும்படியாகச் சொன்னேன்.

"ருகோ. ஃபில்டர் எதுக்கு செல்வி? பாலை வடிகட்டிட்டு வெறும் டம்ளரைக் கொண்டுபோய்க் குடுக்கப் போறியா?"

அவள் முகம் கறுக்கும் என்று எதிர்பார்த்தேன். குழாயைப் பார்த்தாள். நாக்கைக் கடித்துக்கொண்டாள், முகமூடிக்குப் பின்னால் அது தெரியாது, ஆனால் அவள் நாக்கைக் கடிப்பது கண்ணில் தெரியும். வடிகட்டியில்லாத குழாயை எடுத்து மாற்றி வைத்தாள்.

"நல்லவேள எக்கா," என்றாள். அவ்வளவுதான். அவமானம், பதற்றம் ஒன்றும் இல்லை. கடையில் மிச்சச் சில்லறையை மறந்துவிட்டுப் போகும்போது யாரோ கூப்பிட்டுக் கொடுத்த மாதிரி வாங்கிக்கொண்டாள். கண்ணாடிக்கு வெளியே பாட்கர் சார் பேனாவை மூடிப் பையில் வைத்தார். யாருக்காக மூடினார் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அவளுக்காகத்தான் இருக்கும் என்று அன்று முடிவு செய்தேன்.

மருந்து அரைமணி நேரத்தில் ஏறி முடிந்தது. இசக்கியம்மாளுக்கு ஒன்றும் ஆகவில்லை. பசிக்கிறது என்றாளாம். வார்டே செல்வியைச் சூழ்ந்துகொண்டது. நர்ஸ்கள், டாக்டர், சாயங்காலம் தாராவியிலிருந்து வந்த பட்டறைக்காரர்கள். அவர்கள் ஒரு தோல் பர்ஸ் தைத்துக்கொண்டு வந்திருந்தார்கள். ஒரே ஒரு பர்ஸ். அறக்கட்டளை அடுத்தடுத்த குப்பிகளையும் வாங்கித் தந்தது. ஒவ்வொரு முறையும் தட்டு செல்விக்கு, நான் கண். ஒவ்வொரு முறையும் அவள் எங்கேயாவது சறுக்குவாள் என்று பார்த்தேன். வடிகட்டியை மறுபடி எடுக்கவில்லை. கட்டி சுருங்கியது. அறுவை நாளும் குறித்தார்கள்.

கடைசித் தடவை மருந்து ஏறிய அன்று, வார்டுக்கு வெளியே பெஞ்சில் இசக்கியம்மாள் உட்கார்ந்திருந்தாள். தலையில் துணி கட்டியிருந்தாள். நான் ஏதோ வேலையாக அந்தப் பக்கம் போனேன். அதுவரை அவளோடு நேரில் பேசியதில்லை. கலப்பவர்கள் நோயாளிகளிடம் போவதில்லை. என் சட்டையில் குத்தியிருந்த பெயர் அட்டையைப் பார்த்துவிட்டு நிறுத்தினாள்.

"ஏ யம்மா, நில்லுங்க. நீங்கதான அந்தப் பொறாமக்கார எக்கா?"

என்ன சொல்றேள் என்று கேட்டேன். அவள் கொஞ்சமும் கூச்சப்படவில்லை. பெஞ்சில் இடம் விட்டு நகர்ந்து உட்கார்ந்தாள்.

"செல்விதான் சொன்னா. நான் வரமாட்டேன்னு ஒத்தக்கால்ல நிக்கேன்லா, அப்பம் சொன்னா. மயினி, நான் கலக்கையில எனக்குப் பின்னால ஒரு எக்கா நிப்பாவ. நான் எப்பம்டா சறுக்குவேன்னு வருசக்கணக்கா பாத்துக்கிட்டு இருக்காவ. அவிய கண்ணத் தாண்டி ஒரு தூசி உள்ள போவாது. அவியளத்தான் நிப்பாட்டணும்னு பெரியவர்ட்ட கேட்டிருக்கேன்னா. அதுக்குப் பொறவுதான் நான் கைய நீட்டினேன். எனக்குச் செல்வி கைமேல நம்பிக்கைன்னா நெனச்சிய? அவளும் மனுசிதான. ஒங்க வயித்தெரிச்சல் மேல நம்பிக்க."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. நன்னா இருங்கோ என்று சொன்னதாக ஞாபகம். நேராகக் கலவை அறைக்கு நடந்தேன்.

செல்வி அங்கியை மாட்டிக்கொண்டிருந்தாள். பிற்பகலுக்கு இன்னொரு நோயாளிக்கு அதே வெள்ளை மருந்து. நான் கேட்க நினைத்தது நிறைய. ஒன்றுதான் வந்தது.

"என்னைக் கண்ணா நிறுத்தச் சொல்லி நீதான் பாட்கர் சார்கிட்ட கேட்டியா?"

"வேற யாரக் கேக்க?" என்றாள். "குப்தா அண்ணாச்சி பாசக்காரரு. பாசமா இருக்கவங்க கண்ணு அங்கன இங்கன போயிரும் எக்கா. நீங்க பாத்தா எனக்குத் தைரியம்."

இத்தனை வருடம் நான் அவளைப் பார்த்துக்கொண்டேயிருந்தேன். ஒளித்துவைத்திருப்பதாகத்தான் நினைத்தேன். அவளோ அதை முதல் வருடத்திலேயே பார்த்துவிட்டு, கோபித்துக்கொள்ளாமல், பதிலுக்குப் பொறாமைப்படாமல், ஒரு நல்ல கருவியைப் போலத் துடைத்து அலமாரியில் வைத்திருக்கிறாள். தேவைப்பட்ட அன்று எடுத்திருக்கிறாள். அந்தக் கைகளைக்கூட நான் பொறுத்துக்கொண்டிருப்பேன். இதைப் பொறுக்க முடியவில்லை. எனக்கு இது தோன்றியிருக்காது. தோன்றியிருந்தாலும் செய்திருக்கமாட்டேன்.

அங்கியின் கயிறு முதுகுப் பக்கம். தானே கட்டிக்கொள்ள முடியாது. அவள் எனக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றாள். நான் கட்டினேன். வேண்டுமென்றே கொஞ்சம் இறுக்கமாகத்தான்.

அவள் பெட்டிக்குள் கைகளை விட்டாள். குப்பியைச் சாய்த்தாள். உப்புநீர் சுவரில் வழிய ஆரம்பித்தது. நான் பின்னால் என் இடத்தில் போய் நின்று, வினாடிகளை எண்ணத் தொடங்கினேன், இந்தத் தடவையாவது அவசரப்படுவாளா என்று.